ஜிம்மிக்குத் தெரிந்த ஒரு சொல்

நான் முதலில் பார்த்தபோது ஜிம்மி கேட்டுக் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தது. வாயோரம் இரத்தம். குரைத்துக் குரைத்துத் தொண்டை கட்டிப்போய், சத்தம் இருமல் மாதிரி வந்தது. எதிர்வீட்டு வாசலில் வெள்ளைத் தொப்பி போட்ட மலாய்ப் பெரியவர் ஒருவர் நின்ற இடத்தைவிட்டு நகராமல் நின்றார். சுராவ் என்ற சிறு தொழுகைக்கூடத்துக்குக் கிளம்பியவர்.

அசாம் ஜாவா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு தாமான் அது, வரிசை வீடுகள் கொண்ட குடியிருப்பு. நாய்களின் குரைப்பு, கடி, பயம் இவற்றைச் சரிசெய்வது என் வேலை. எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். கால்நடைப் பராமரிப்பில் டிப்ளோமா. செம்பனைக் குலை வெட்டி என்னைப் படிக்க வைத்த அப்பா, "நாய்க்குப் பாடம் சொல்லிக் குடுக்கவாடா உன்னைப் படிக்க வெச்சேன்?" என்று இன்றைக்கும் கேட்பார். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஜிம்மியைப் பற்றி எழுதுகிறேன். சரியாக முடிந்த கேஸ்களை எல்லாரும் எழுதுகிறார்கள். இது அப்படி முடியவில்லை.

1. தொப்பியா, சாரோங்கா?

ஜிம்மி அந்தோணி அண்ணனின் நாய். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தது. லயத்தை உடைத்தபோது அண்ணனும் அவர் மனைவி மேரி அக்காவும் இந்தத் தாமானுக்கு வந்தார்கள், ஜிம்மியும் வந்தது. அண்ணன் மட்டும் தினமும் காலையில் மோட்டார் சைக்கிளில் பழைய தோட்டத்துக்கே குலை வெட்டப் போவார். ஜிம்மி முன்னால் உட்கார்ந்துகொள்ளும். செம்பனைக்குள் காட்டுப்பன்றி வரும். ஒருமுறை குட்டிபோட்ட பன்றி அண்ணனைக் கீழே தள்ளியபோது ஜிம்மிதான் அதைத் துரத்தியது. அண்ணனின் தொடையில் அந்தத் தழும்பு இருக்கிறது.

காலையில் காவல்காரன், சாயங்காலம் இப்படி. எதிர்வீட்டுத் தொப்பிக்காரப் பெரியவர் ரம்லியை எல்லாரும் பாக்சிக், அதாவது மாமா, என்பார்கள். அவர் தெருவில் இறங்கினாலே வெறி பிடித்தது மாதிரி பாயும்.

"ஊர்ல என்ன பேசிக்கிறாங்க தெரியுமா தம்பி?" என்றார் மேரி அக்கா. "மலாய்க்காரங்களப் பாத்தா கொரைக்கச் சொல்லி நாங்கதான் பழக்கி விட்டிருக்கோமாம். யார் மூஞ்சியில முழிக்கிறதுலா? கடைக்குப் போறதையே விட்டுட்டேன்."

"நகராண்மைக் கழகத்துக்கு யாரோ புகார் குடுத்துட்டாங்க," என்றார் அண்ணன். "மாசக் கடைசிக்குள்ள சரி பண்ணலேன்னா புடிச்சிட்டுப் போயிருவாங்களாம். போனா திரும்பி வராது தம்பி. ஊசிதான்."

குரைப்பை நிறுத்துவதற்கு முன்னால் எதற்குக் குரைக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் பேச்சில் அதற்கு டிரிகர் என்று பெயர். தொப்பியாக இருக்கலாம் என்று நானே வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டி நடந்தேன். ஜிம்மி வாலை ஆட்டியது. சாரோங் என்கிற கைலியைக் கட்டிக்கொண்டு நடந்தேன். கொட்டாவி விட்டது.

"நாய் வாத்தியாரே, அடுத்து தாடியும் ஒட்டிக்கிட்டு வருவீங்களா?" என்றார் மேரி அக்கா. பாக்சிக் தன் வீட்டுக்குள் இருந்து சிரித்தது எனக்குக் கேட்டது.

2. பூனை

விடை தற்செயலாகத்தான் கிடைத்தது. நான் ஜிம்மியின் பக்கத்தில் குந்தியிருந்தேன். எதிர்வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில், பாக்சிக்கின் மோட்டார் சீட்டில் ஒரு பூனை படுத்திருந்தது. பாக்சிக் வீட்டுக்குள் இருந்தார். ஆள் கண்ணுக்குத் தெரியவில்லை. ஜன்னல் வழியாகக் குரல் மட்டும் வந்தது: "ஷூ! ஷூ!"

ஜிம்மி எழும்பிப் பாய்ந்த வேகத்தில் லீஷ் கயிறு என் உள்ளங்கைத் தோலை உரித்துவிட்டது.

நான் அந்தோணி அண்ணனைக் கூப்பிட்டேன். "அண்ணே, தோட்டத்துல பன்னி வந்தா ஜிம்மிகிட்ட என்ன சொல்லுவீங்க?"

"என்னத்தச் சொல்றது? எங்கப்பா சொன்னதுதான். சூ... புடிடான்னு..."

அவர் சொல்லி முடிக்கும் முன்பே ஜிம்மி கேட்டில் மோதிக்கொண்டிருந்தது.

நாம் "சூ" என்றால் நாயை ஏவுகிறோம். மலாய்க்காரர்கள் "ஷூ" என்றால் விரட்டுகிறார்கள். தொழப் போகும் நேரத்தில் நாய் உரசிவிட்டால் பாக்சிக் திரும்பிப் போய்க் கழுவிச் சுத்தம் செய்ய வேண்டும். அதனால் கேட்டைத் தாண்டும்போதெல்லாம் மரியாதையாக, மெதுவாக, "ஷூ, ஷூ" என்று சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். ஜிம்மி தனக்கு உத்தரவு வந்ததாக நினைத்திருக்கிறது. கேட்டுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, செய்ய முடியாத வேலைக்காகக் கம்பியைக் கடித்திருக்கிறது. அதற்கு மலாய்க்காரர், தமிழர் என்ற கணக்கெல்லாம் கிடையாது.

பாக்சிக்கிடம் போய்ச் சொன்னேன். அவர் மலாயில் பேசியதைத் தமிழில் தருகிறேன்: "அப்படின்னா இத்தனை நாளா நானேதான் அதை என் மேல ஏவி விட்டிருக்கேனா?" தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் என்ன செய்யணும், சொல்லு."

3. சாக்கு

அவரைச் சும்மா இருக்கச் சொல்லியிருந்தால் போதும் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் தெருவில் எல்லாருமே "ஷூ" சொல்கிறவர்கள். எத்தனை பேர் வாயை மூடுவது? நாயின் காதில் அந்தச் சத்தத்துக்கு வேறு அர்த்தம் கொடுக்க வேண்டியிருந்தது.

ஒரு கோணிச்சாக்கைத் தரையில் விரித்தேன். கிசுகிசுப்பாக "சூ" என்றேன். ஜிம்மி காதைத் தூக்கிய உடனே, அவித்த கோழி ஈரல் துண்டைச் சாக்கின் மேல் போட்டேன். திரும்பத் திரும்ப இதுதான் பாடம். சத்தம் கேட்டால் ஓடவேண்டிய இடம் சாக்கு, அங்கே போய்ப் படுத்தால் ஈரல். கொஞ்சம் கொஞ்சமாகக் குரலைக் கூட்டினேன். பிறகு பாக்சிக்கே தன் வாசலில் நின்று "ஷூ" என்றார். லீஷில் இருந்த ஜிம்மி ஒரு நொடி விறைத்தது. பிறகு திரும்பிப் போய்ச் சாக்கில் படுத்தது. பாக்சிக் கைதட்டினார். "என் பேரப்பிள்ளைகளே இப்படிக் கேட்கமாட்டாங்க!"

அந்தோணி அண்ணனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். தோட்டத்தில் அந்தச் சொல்லை விட்டுவிட வேண்டும். காலையில் ஓர் அர்த்தம், சாயங்காலம் வேறு அர்த்தம் என்றால் நாய் எதை நம்பும்?

"பன்னி வந்தா?"

"தகரத்தத் தட்டுங்க. ஜிம்மிய வீட்டுலயே விட்டுட்டுப் போனா இன்னும் நல்லது."

"அவன் இல்லாம எனக்குச் செம்பனைக்குள்ள கால் வராது தம்பி," என்றார். "சரி. அந்த வார்த்தய விட்டுர்றேன்."

விட்டும்விட்டார். பல நாள் தகரம்தான் தட்டினார். ஒரு காலை, வெட்டிய மட்டைக் குவியலுக்குப் பின்னால் இருந்து பன்றி நேராக அவர் மேல் வந்தது. தகரம் மோட்டாரில் கிடந்தது. அவர் அப்பாவின் சொல்தான் வாயில் வந்தது. ஜிம்மி பழையபடி பாய்ந்து துரத்திவிட்டு, நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தது. அண்ணன் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். யார்தான் கட்டிப்பிடிக்க மாட்டார்கள்?

அன்று வேலை முடிந்து வீட்டு வாசலில் மோட்டாரை நிறுத்தினார். ஜிம்மி கீழே குதித்தது. லீஷ் இன்னும் மாட்டவில்லை. பாக்சிக் சுராவுக்கு இறங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு இப்போது பயம் இல்லை. பாடத்தில் செய்தது மாதிரியே சிரித்துக்கொண்டு, "ஷூ" என்றார்.

கெண்டைக்காலில் கடி ஆழமாக இறங்கியது.

4. வேன்

நான் போனபோது அந்தோணி அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். "வாயில வந்திருச்சு தம்பி," என்று மட்டும் சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நானாக இருந்தாலும் அதைத்தான் கத்தியிருப்பேன்.

பாக்சிக் கட்டுப்போட்ட காலோடு நகராண்மைக் கழகத்துக்கே போனார். தனக்கு எந்தப் புகாரும் இல்லை என்றார். ஏற்கெனவே புகார் உள்ள நாய், இப்போது கடியும் சேர்ந்துவிட்டது, யார் சொன்னாலும் விடமுடியாது என்று பதில் வந்தது. வெறிநோய் இல்லை என்று தெரியும்வரை வீட்டிலேயே கட்டி வைக்க வேண்டும். அதற்குப் பிறகு பிடித்துப்போக வேன் வரும்.

"பாடத்த நிறுத்தாதீங்க தம்பி," என்றார் அண்ணன்.

"அண்ணே, இனிமே எதுக்கு?"

மேரி அக்கா உள்ளே இருந்து சொன்னார்: "கெட்ட நாயின்னு பேரு வாங்கிட்டுப் போகக் கூடாது. அவ்வளவுதான்."

அண்ணன் வேலைக்குப் போகவில்லை. நாள் முழுக்க ஜிம்மியோடு இருந்தார். ஈரலை அக்கா அவித்துக் கொடுத்தார். அண்ணனே "சூ" சொல்லிச் சாக்கைக் காட்டினார். பாக்சிக் தன் வாசலில் நாற்காலி போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து "ஷூ" சொன்னார். குறுக்கே வேறு அர்த்தம் எதுவும் வராததால் ஜிம்மி வேகமாகக் கற்றுக்கொண்டது. கடைசியில் தூக்கத்தில் இருந்துகூட எழுந்து போய்ச் சாக்கில் படுத்தது.

வேன் வந்த காலையில் அண்ணன் சாக்கை எடுத்து அதன் கூண்டுக்குள் விரித்தார். அடியில் இரும்புக் கம்பி, அது உடம்பில் குத்தும் என்றார். வேறு எந்த எண்ணமும் அவருக்கு இல்லை. நீளக் கம்பில் சுருக்குக் கயிற்றோடு இரண்டு பேர் இறங்கினார்கள். கயிற்றைப் பார்த்ததும் ஜிம்மி பல்லைக் காட்டிப் பின்வாங்கியது. ஒருவர் பயந்துபோய்க் கையை வீசினார்.

"ஷூ! ஷூ!"

எதிர்வாசலில் பாக்சிக் எழுந்து நின்றுவிட்டார்.

ஜிம்மி பல்லை மூடியது. இங்கும் அங்கும் பார்த்தது. கூண்டுக்குள் சாக்கைக் கண்டது. தானாகவே வேனில் ஏறி, அதன் மேல் சுருண்டு படுத்து, ஈரலுக்காக என்னைப் பார்த்தது.

என் பையில் இருந்தது. கம்பி வழியாகக் கொடுத்தேன். அவர்கள் கதவை மூடினார்கள். கயிறு தேவைப்படவே இல்லை.

இப்போது சுங்கை பெசாரோ புக்கிட் செந்தோசாவோ, எந்த ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் நாயைப் பார்ப்பதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் கேட்கிறேன். நாயை ஏவ நீங்கள் என்ன சொல்வீர்கள்? நாயை விரட்ட உங்கள் அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்கள்? வீட்டுக்காரரின் உயிரைக் காப்பாற்றும் சொல்லாக அது இருந்தால், அதை மாசக் கடைசிக்குள் மாற்றித் தருவதாக நான் வேலை ஒப்புக்கொள்வதில்லை. முதலில் நாயைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போவதை நிறுத்துங்கள், பிறகு என்னைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிடுகிறேன். சிலர் கோபித்துக்கொண்டு வேறு ஆளிடம் போகிறார்கள். போகட்டும்.

அந்தத் தெரு வழியாகப் போகும்போது சில சமயம் பாக்சிக்கைப் பார்க்கிறேன். பூனை இன்னும் அவர் மோட்டாரில்தான் படுக்கிறது. அவர் வெளியே வந்து, வாயைத் திறக்காமல், கையால் சீட்டைத் தட்டித்தான் அதை எழுப்புகிறார்.