கழுவாத மூக்கு

குச்சி மூக்குக்குள் நுழைவதற்கு ஒரு நொடி முன்னால் மசுயோ கேள்வி கேட்பாள். சின்னக் கேள்வி அல்ல. "உங்க சம்பந்தி வீட்டோட எப்படித் தகராறு வந்துச்சு?" என்பதுபோல நீளமான பதில் வேண்டிய கேள்வி. எங்கிருந்து தொடங்குவது என்று ஆள் யோசிக்கும்போதே பஞ்சு முனை உள்ளே போய், ஐந்து சுற்று சுற்றி, வெளியே வந்து குப்பியில் இறங்கியிருக்கும். "மிச்சத்தை அடுத்த தடவை சொல்லுங்க" என்று மூடியைத் திருகுவாள். கதை பாதியில் நிற்பதால்தான் ஜனங்கள் இருமல் வந்தவுடனே தனக்கு ஃபோன் செய்கிறார்கள் என்பது அவள் கட்சி.

வயது ஐம்பத்தேழு. முப்பத்தொரு வருஷம் வார்டில் நர்ஸ். இப்போது ஆராய்ச்சிக் குழுவில். ஜப்பானின் வெந்நீர் ஊற்று நகரமான பெப்புவின் மலைச்சரிவில், சாக்கடை மூடிகளிலிருந்துகூட ஆவி எழும் தெருக்களில், நாற்பது முதியவர்கள் அவள் பொறுப்பு. சரிவில் பாதிப் பேருக்குக் குடும்பப் பெயர் எத்தோ. அவளுக்கும் அதுவே. அதனால் எல்லோரும் அவள் பெயரோடு மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்த்து, மசுயோ சான் என்றே கூப்பிடுகிறார்கள். காரின் பின் இருக்கையில் பனிக்கட்டிப் பெட்டி. அதற்கு சீட் பெல்ட் போட்டிருப்பாள். திருப்பங்களில் அதனிடம் மன்னிப்புக் கேட்பாள்.

குளிர்காலத்து வைரஸ் ஒன்றுதான். ஒருவர் மூன்று நாள் இருமிவிட்டுத் தோட்டத்துக்குப் போகிறார். இன்னொருவர் ஆறாம் நாள் ஆக்சிஜன் குழாயோடு படுக்கிறார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஹிமெனோ போன வருஷம் அப்படித்தான் படுத்தார். விழப்போகிறவர் யார் என்று முதல் நாளே காட்டிக்கொடுக்கும் அடையாளம் உண்டா என்று இருமுகிறவர்களின் ரத்தத்தில் குழு தேடுகிறது. "முதல் நாளே தெரிஞ்சா அஞ்சு நாள் நம்ம கையில" என்பாள் மசுயோ. ஆனால் மூக்கில் வைரஸ் அகப்பட்டால்தான் அந்த ரத்தத்துக்கு மதிப்பு.

இந்தக் குளிர்காலத்தில் சரிவில் பன்னிரண்டு பேர் இருமினார்கள். பன்னிரண்டு குச்சிகளிலும் ஒன்றும் இல்லை.

ஆராய்ச்சிக் குழுவின் டாக்டர் தகசாக்கி இளையவர். கணினியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "மசுயோ சான், குச்சியைச் சரியா உள்ள விடுறீங்கல்ல?"

"நீங்க பள்ளிக்கூடம் போறப்பவே நான் விட்டுட்டிருந்தேன், டாக்டர்."

"தெரியும். ஆனா மாசக் கடைசிக்குள்ள ரெண்டு பேர்கிட்டயாவது கிடைக்கலேன்னா, சரிவை விட்டுட்டு வேற ஏரியா பார்க்கணும்னு கமிட்டி சொல்லுது."

அன்று மாலை கண்ணாடி முன் நின்று தன் மூக்கிலேயே விட்டுப் பார்த்தாள். கண்ணில் நீர் வந்தது. கையில் குறை இல்லை.

பிப்ரவரி இருபதாம் தேதி ஹிமெனோவுக்கு இருமல். பத்தரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தவள் பத்துக்கே போய்விட்டாள். அவர் முற்றத்தில் குனிந்து, சின்னக் கெண்டியின் மூக்கைத் தன் மூக்கில் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயையோ, சீக்கிரம் வந்துட்டீங்களே! இன்னும் வலது பக்கம் பாக்கி இருக்கு!"

"என்ன பாக்கி?"

"கழுவறதுதான். இடது பக்கம் பளபளன்னு இருக்கு, வேணும்னா பாருங்க. உப்புத் தண்ணி, மூணு தடவை."

"யாரு கழுவச் சொன்னது?"

"சுற்றுப் பலகையிலதான் வந்துச்சே!"

சுற்றுப் பலகை குடியிருப்பின் அறிவிப்புகளோடு வீடு வீடாகக் கைமாறும். படித்தவர் முத்திரை குத்தி அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். ஹிமெனோ எடுத்துவந்து காட்டினார். குடியிருப்புத் தலைவி அனான் சானின் கையெழுத்து. 'வீடு தேடி வரும் நர்ஸிடம் அழுக்கு மூக்கைக் காட்டுவது நம் சரிவுக்கு அழகல்ல. அவர் வருமுன் நன்கு கழுவவும்.' கீழே வரிசையாகச் சிவப்பு முத்திரைகள். ஒரு வீடு விடவில்லை.

மசுயோ படியில் உட்கார்ந்து சிரித்தாள். எதற்கென்று தெரியாமல் ஹிமெனோவும் இருமிக்கொண்டே சிரித்தார். இடதுக்கு ஒரு குச்சி, வலதுக்கு ஒரு குச்சி, தனித்தனிக் குப்பி.

மறுநாள் டாக்டர் ஃபோன் செய்தார். "இடதுல ஒண்ணும் இல்ல. வலதுல திருவிழாக் கூட்டம்!" பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "நான் அன்னிக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

"பரவால்ல டாக்டர். ஒண்ணு ஆச்சு. இன்னும் ஒண்ணு."

ஹிமெனோவின் விரலில் தினமும் ஆக்சிஜன் அளக்கும் கருவியை மாட்டிப் பார்த்தாள். ஆறாம் நாள் அவர் முள்ளங்கி பிடுங்கிக்கொண்டிருந்தார்.

அனான் சானுக்கு எண்பத்து மூன்று. கைக்குட்டைக்கும் இஸ்திரி போடுகிறவர். மசுயோ வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள்.

"அப்ப நான் எழுதினது தப்பா?"

"தப்பில்லீங்க. ரொம்ப சுத்தம். அதான் கஷ்டம்."

"மூக்கு ஒழுக ஒழுக உங்க முன்னாடி நிக்கணுமா? எங்க வீட்டுக்காரர்கூட என்னை அப்படிப் பார்த்ததில்ல."

"நான் பார்க்க வர்ற விருந்தாளியே அதுதாங்க. நான் வாசல் ஏறுறதுக்குள்ள நீங்க வழியனுப்பி வச்சுட்டா எப்படி?"

அனான் சான் தேநீர் ஊற்றினார். இரண்டு நாளில் புதிய பலகை சுற்றியது. அதே கையெழுத்து. 'நர்ஸ் வரும்வரை மூக்கைத் தொடாதீர்கள். வெட்கம் எல்லோருக்கும் பொது.'

ஆனால் யாரும் இருமவில்லை. வெயில் வந்துவிட்டது, பிளம் மரங்கள் பூத்துவிட்டன. தெருவில் அவளைக் கண்டவர்கள் தலைகுனிந்தார்கள். "மன்னிச்சுக்குங்க மசுயோ சான், இன்னிக்கும் நல்லாத்தான் இருக்கேன்." இருபத்தேழாம் தேதியும் அப்படியே போயிற்று.

இருபத்தெட்டாம் தேதி காலை ஃபோன் அடித்தது. அடைத்த குரல். "அனான் பேசறேன். எப்ப வருவீங்க?"

கதவு திறந்தே இருந்தது. அனான் சான் விசேஷங்களுக்கு உடுத்தும் கிமோனோவில், படிய வாரிய தலையோடு, முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டு நின்றிருந்தார். துடைத்துவிடக் கூடாதென்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்திருந்தார். மூக்கு ஒழுகி மேலுதட்டைத் தொட்டிருந்தது.

"சீக்கிரம். இன்னும் ரெண்டு நிமிஷம்தான் தாங்குவேன்."

மசுயோ பெட்டியைக் கீழே வைத்தாள். குச்சியைப் பிரிப்பதற்கு முன், இடுப்புவரை குனிந்து அந்த மூக்குக்கு வணக்கம் வைத்தாள்.