ஜல்லூல் ஒட்டிய ஆமை

என் வீட்டுக்காரர் ஜல்லூல் உடைந்த படகுகளை ஒட்டுகிறவர். கர்கனாத் தீவில், எங்கள் அத்தாயா துறையில் கட்டிக் கிடக்கும் படகுகளில் பாதிக்கு மேல் அவர் கை பட்டவை. எப்பேர்ப்பட்ட பிளவாக இருந்தாலும் சரி, கண்ணாடி நார்த் துணியை விரித்து, ரெசின் பசையைத் தடவி, மூன்று அடுக்கு ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டால், எங்கே பிளந்திருந்தது என்று படகுக்காரனுக்கே தெரியாது. முடித்த படகை நேரே கடலில் இறக்கவும் மாட்டார். மணலில் நிறுத்தி, உள்ளே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி நிரப்பி, வெளியே ஒரு சொட்டு கசிகிறதா பார் என்பார். கசியாது. ஓரத்தில் தன் அடையாளமாக இரண்டு நீல மீன்களை வரைந்துவிட்டுக் காபிக் கடைக்குப் போய்விடுவார். "நான் ஒட்டினா ஒட்டினதுதான்" என்று அன்றைக்கு முழுக்க அங்கே அதே பேச்சு. கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன ஊர் இது.

தப்பை ஒப்புக்கொள்கிற பழக்கம் மட்டும் அந்த மனிதருக்குக் கிடையாது. ஒட்டின படகு ஒழுகினால் குற்றம் பாறையுடையது, இல்லாவிட்டால் ஓட்டினவனுடையது. சமையலில் அவரே உப்பைக் கொட்டிவிட்டாலும் உப்பு போன வாரத்தை விடக் கரிக்கிறது என்பார். நானும் சளைத்தவள் இல்லை. கணவாய் மீனை அடித்து மெத்தென்றாக்கிக் காயப்போடுகிற கை இது, வாயும் அப்படித்தான். அதனால் எங்கள் வீட்டில் சத்தத்துக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

அந்த டிசம்பரில் காற்று பேயாட்டம் ஆடியது. எதிர்க்கரை நகரமான ஸ்ஃபாக்ஸுக்குப் போகிற பெரிய படகை நிறுத்திவிட்டார்கள். தீவிலிருந்து ஆளும் போக முடியாது, சாமானும் வர முடியாது. இரண்டாம் நாள் காலையில் கமைஸ் தன் மூன்று சக்கர வண்டியை எங்கள் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். கமைஸ் என்றால் எங்கள் வீட்டுக்காரருக்குச் சின்ன வயதிலிருந்து சிநேகிதன், அதே அளவுக்கு எதிரி. அவன் குடும்பத்துக்குக் கடலுக்குள்ளே ஒரு பங்கு உண்டு. பேரீச்ச மட்டைகளை வரிசையாக நட்டு வேலி கட்டி, மீன் தானாக வந்து கடைசி அறைக்குள் மாட்டிக்கொள்கிற மாதிரி வைத்திருப்பான். இந்தத் தடவை அந்த அறைக்குள் மாட்டினது மீன் இல்லை. வண்டிக்குள் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஒரு கடலாமை கிடந்தது. எங்கள் சாப்பாட்டுத் தட்டம் அளவுக்கு, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற தட்டம், அந்த அளவுக்குப் பெரிய ஓடு. பின்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு, யாருடைய படகு மோட்டார் விசிறியோ வெட்டியிருந்தது.

"டேய் ஜல்லூல், ஓட்டைப் படகு ஒண்ணு கொண்டாந்திருக்கேன். ஒட்டுவியா, மாட்டியா?" என்றான்.

கேலிக்குத்தான் கேட்டான். ஆனால் விஷயம் கேலி இல்லை. காற்று கிளம்புவதற்கு முன்பே மூன்று தடவை ஆழத்தில் கொண்டுபோய் விட்டுப் பார்த்தானாம். மூழ்க முடியாமல் தக்கை மாதிரி மிதந்து, திரும்பத் திரும்ப வேலிக்கே வந்து சேர்ந்ததாம். மூழ்க முடியாத ஆமைக்கு இரையும் கிடையாது, ஒளிய இடமும் கிடையாது. பட்டினி முந்துமா அடுத்த படகு முந்துமா என்பதுதான் கணக்கு. அது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும்.

ஜல்லூல் சிரிக்கவில்லை. மண்டியிட்டு, வெட்டின இடத்தில் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார். ஆமை தலையைத் தூக்கி ஒரு பெருமூச்சு விட்டது. அவ்வளவுதான், மனிதர் மனசைப் பறிகொடுத்துவிட்டார்.

"விரிசல் வழியா தண்ணி புகுந்திருக்கு. அதான் இந்தப் பாடு. அடைச்சிட்டா சரியாயிடும்" என்றார்.

நான் விடுவேனா? தண்ணி புகுந்தால் படகு முழுகும், இது முழுக மாட்டேன் என்றுதானே அடம் பிடிக்கிறது என்று கேட்டேன். கமைஸ் தொடையைத் தட்டிச் சிரித்தான். உனக்கு இதெல்லாம் புரியாது, போய்க் கணவாயைப் பார் என்றார் அவர். எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்குக் கணவாய் நன்றாகவே மெத்தென்று ஆனது.

ஒட்டினார். நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றி, மூன்று அடுக்கு. அப்படி ஒரு வேலையை நான் பார்த்ததில்லை. ஓட்டின் வளைவு எப்படியோ ஒட்டும் அப்படியே வளைந்து போனது. கையால் தடவினாலும் தட்டுப்படாது. கடைசியில் இரண்டு நீல மீனையும் வரைந்துவிட்டார். பழைய படகு ஒன்றைப் பாதியாக அறுத்து, அறுத்த பக்கத்தை அடைத்து, தொட்டியாகப் பட்டறையில் வைத்திருந்தார், அதில் கடல்நீரை நிரப்பி ஆமையை இறக்கினார். ஒட்டிலிருந்து ஒரு குமிழி வரவில்லை. ஊரே வந்து பார்த்தது. துறையில் அவரவர் வேலையைப் போட்டுவிட்டு வந்து, மாஷா அல்லா, மாஷா அல்லா என்று சொல்லிவிட்டுப் போனார்கள். காபிக் கடையில் அன்றைக்கு அவருக்குக் கிடைத்த மரியாதையை இரண்டு ஊருக்குப் பங்கு போடலாம்.

நான்காம் நாள் ஆமை ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தது. போட்ட மீனைத் திரும்பிப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி மூச்சு விடுவதே பெரும்பாடாக இருந்தது. குனிந்து தண்ணீரை மாற்றும்போது எனக்கு ஒரு வாடை அடித்தது. முப்பது வருஷமாக மீனோடு புழங்குகிறவள் நான், அழுகலை என்னிடம் யாரும் ஒளிக்க முடியாது. அவரிடம் சொன்னேன். ரெசின் வாசனை என்றார். காய இன்னும் இரண்டு நாள் ஆகும் என்றார். சொல்லிவிட்டுக் காபிக் கடைக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

துறைமுக ஆபீஸ் சுவரில், ஆமை அடிபட்டுக் கிடந்தால் கூப்பிடுங்கள் என்று ஒரு நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். நேரே போய் அந்த நம்பருக்குப் போன் போட்டேன். ஸ்ஃபாக்ஸில் ஆமைகளுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் உல்ஃபா என்ற பெண் எடுத்தாள். நடந்ததை எல்லாம் கேட்டாள்.

"அக்கா, புண்ணை உள்ள வெச்சுத் தெச்ச மாதிரி ஆயிடுச்சு. உள்ள புகுந்த காத்தாலதான் அது மிதக்குது. இப்ப சீழும் வெளிய வர வழியில்ல. அத இன்னிக்கே பிரிக்கணும். நாளைக்குன்னா எனக்கு நம்பிக்கை இல்ல" என்றாள்.

நீங்களே வந்து பிரியுங்கள் டாக்டரம்மா என்றேன். படகு ஓடினால்தானே அக்கா வருவேன் என்றாள். ஒட்டினவருக்குத்தான் அது எங்கே கெட்டி, எங்கே மெல்லிசு என்று தெரியும், அவரே பிரிக்கட்டும், நான் போனில் வீடியோவாகப் பார்த்துச் சொல்கிறேன் என்றாள்.

காபிக் கடைக்குப் பெண்கள் போவதில்லை. நான் போய் வாசலில் நின்றேன். உள்ளே அவர் இரண்டு கையையும் விரித்து, ஓட்டின் வளைவை எப்படிப் பிடித்தேன் என்று யாருக்கோ காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. வீட்டுக்கு வாங்க என்று மட்டும் சொன்னேன். வழியில் மற்றதைச் சொன்னேன். மறுத்துப் பேசுவார், பாறை மேலோ டாக்டர் மேலோ பழி போடுவார் என்று நானும் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். மனிதர் நடையை மட்டும் எட்டிப் போட்டார்.

பட்டறையில் ஆமை பார்க்க வந்த கூட்டம் பத்துப் பேருக்கு மேல் நின்றது. கமைஸும் இருந்தான். எத்தனை சண்டை போட்டாலும் அவர் நாலு பேர் முன்னால் தலை குனிகிறதை என்னால் பார்க்க முடியாது. எல்லாரையும் அனுப்பிட்டு வாசக் கதவைச் சாத்திடறேங்க, அப்புறம் பிரிங்க என்று காதோரம் சொன்னேன்.

"கதவு திறந்தே இருக்கட்டும் நஸீஹா" என்றார். "ஒட்டினப்ப எல்லாரும் பாத்தாங்கல்ல, பிரிக்கிறப்பவும் பாக்கட்டும்."

மெஷின் வைக்கக் கூடாது, சூடு ஏறும், கையாலேயே அறுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டாள். நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆமையை ஈரத் துணி மேல் வைத்து, சின்ன ரம்பத்தாலும் உளியாலும் ஆரம்பித்தார். லேசில் வருமா? பாறை மோதினாலும் விடாத ஒட்டு. மத்தியானத் தொழுகை முடிந்து தொட்டது, பொழுது சாய அஸருக்குப் பாங்கு சொல்கிற வரைக்கும் பாதிதான் வந்தது. நெற்றி வேர்வை மூக்கில் சொட்ட, "எந்த மடையன்டா இவ்ளோ கெட்டியா ஒட்டினது" என்றார். யாரும் சிரிக்கவில்லை. கமைஸ் கூடச் சிரிக்கவில்லை.

நீல மீன் வரைந்த துண்டு கடைசியாகப் பெயர்ந்து வந்தது. அடியிலிருந்து சீழ் பொங்கியது. நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டு அடி பின்னால் போனார்கள். அவர் போகவில்லை. உளியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து எல்லாரையும் பார்த்தார்.

"தப்பு என்னோடது. படகுன்னே நெனச்சிட்டேன். படகுக்கு உள்ள புண்ணு கிடையாது" என்றார்.

கமைஸ் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வெந்நீர் வைக்க அடுப்பு எங்கே அண்ணி என்று என்னிடம் கேட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஆஸ்பத்திரி வேலைதான். கொதிக்க வைத்து ஆறின தண்ணீரில் உப்பைப் போட்டுப் புண்ணைக் கழுவுவது, தேனில் நனைத்த துணியை உள்ளே வைப்பது, காலையும் மாலையும். காற்று அடங்கிப் படகு ஓடின அன்றே டாக்டர் உல்ஃபா வந்து ஊசி போட்டாள். அவர்கள் இடத்தில் தொட்டி எல்லாம் நிரம்பிக் கிடக்கிறதாம். இங்கேயே இருக்கட்டும், வாரம் ஒருதரம் நான் வருகிறேன் என்றாள். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் தண்ணீரில் விடலாம், மிச்ச நேரம் ஈரத் துணி போர்த்தி வெளியில்தான் என்று அவள் சொன்னதும் எனக்கே பகீர் என்றது. கடலில் வாழ்கிறதைக் கரையில் போட்டு வைக்கிறதா என்று நான் சண்டைக்குப் போனேன். ஜல்லூல்தான் என்னை அடக்கினார். நம்ம யோசனை ஒருதரம் போதும், அவங்க சொல்றத செய் என்றார்.

ஊர் வாயை மட்டும் அடக்க முடியவில்லை. ஜல்லூல் ஒட்டினா அவரே வந்து பிரிச்சும் குடுப்பார் என்று காபிக் கடையில் ஒரு பேச்சு கிளம்பியது. ஒட்டக் கொண்டுவந்து நிறுத்தியிருந்த இரண்டு படகை அந்த வாரமே எடுத்துக்கொண்டு வேறு ஆளிடம் போனார்கள். கேட்டு எனக்கு ரத்தம் கொதித்தது. அவரோ, படகு இல்லாதது நல்லதுதான், புண் கழுவ நேரம் கிடைக்கிறது என்றார். இரவல் வாங்கின கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பஞ்சு சுற்றின குச்சியால் அந்தப் பெரிய கை அவ்வளவு மெதுவாகத் துடைப்பதைப் பார்த்துக்கொண்டு நான் நின்றிருக்கிறேன். என் பிள்ளைகளுக்கு அம்மை போட்டபோது கூட அவர் இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. அதையும் அவரிடம் சொன்னேன். உண்மைதான் என்றார்.

ஒட்டைப் பிரித்ததிலிருந்து பத்தொன்பதாம் நாள் கமைஸ் ஒரு நீல நண்டைக் கொண்டுவந்து போட்டான். எங்கிருந்தோ வந்து எங்கள் வலைகளை அறுத்து நாசம் பண்ணுகிற சனியன் அந்த நண்டு. அதுவரை இரை எதையும் தொடாத ஆமை அதைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு ஒரே கடி. நண்டின் ஓடு உடைந்த சத்தம் பட்டறை முழுக்கக் கேட்டது. "அப்படிப் போடு" என்று கமைஸ் கத்தினான். அன்றிலிருந்து துறையில் யார் வலையில் நண்டு மாட்டினாலும் எங்கள் வாசலுக்கு வந்துவிடும். படகை எடுத்துக்கொண்டு போனவர்கள் கூட நண்டு கொண்டுவந்தார்கள். பிப்ரவரி முடியும்போது ஆமை தொட்டித் தண்ணீருக்கு அடியில் போய் உட்கார ஆரம்பித்தது. டாக்டர் பார்த்துவிட்டு, இனி இதற்கு நம் வீட்டில் வேலை இல்லை என்றாள்.

மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து ஊரே கரையில் நின்றது. ஸ்ஃபாக்ஸிலிருந்து டாக்டரோடு பத்துப் பேர் வந்திருந்தார்கள். எங்கள் கடல் ஆழமில்லாத கடல், வெகுதூரம் நடந்தே போகலாம். ஜல்லூலும் கமைஸும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீர் வரைக்கும் போய் இறக்கிவிட்டார்கள்.

ஆமை மிதந்தது. அசையவே இல்லை. முதல் நாள் பார்த்த மாதிரியே தக்கையாகக் கிடந்தது. யா அல்லா, இத்தனை பேர் முன்னால் இந்த மனிதரை இன்னொரு தரம் சோதிக்காதே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவர் அதைத் தள்ளவும் இல்லை, தொடவும் இல்லை. இரண்டு கையையும் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு, அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆமை ஒரு மூச்சு எடுத்தது. தலையைக் கீழே சாய்த்தது. ஓட்டின் முதுகில் ஏர் ஓட்டின சால் மாதிரி கிடந்த அந்தத் தழும்பு ஒரு தரம் வெயிலில் தெரிந்தது. உள்ளே போய்விட்டது. நாங்கள் காத்திருந்தோம். வேலிகளுக்கும் அப்பால், நன்றாகத் தள்ளி, ஒரு தலை எழும்பி மூச்சு வாங்கிக்கொண்டு திரும்ப மூழ்கியது. கரையில் பெண்கள் குலவை போட்டார்கள். கமைஸ் தண்ணீரைக் கையால் அடித்துக்கொண்டு ஆட ஆரம்பித்துவிட்டான். ஜல்லூல் மட்டும் திரும்பவில்லை. இடுப்பளவு தண்ணீரில், முதுகு குலுங்கக் குலுங்க நின்றுகொண்டிருந்தார்.

டாக்டரோடு வந்த ஒரு சின்னப் பெண் என் பக்கத்தில் நின்றிருந்தாள். "அங்க நின்னு அழறாரே, அவர் யாரு?" என்று கேட்டாள்.

"என் வீட்டுக்காரர்" என்றேன். அவள் பக்கத்தில்தான் நின்றாள், மெதுவாகச் சொல்லியிருந்தாலே போதும். நான் கரை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன்.