இல்லாத கையின் பிடி

வலது கை போன பிறகு எனக்கு அறவே பிடிக்காமல் போன விஷயம் அனுதாபம். பென்னலூரில் என் அறைக்குக் கீழே ஒரு பெட்டிக்கடை. கடைக்காரர் புதிது. இடது கையால் பணத்தை நீட்டினேன், முறைத்தார். சட்டைக் கை வெறுமனே தொங்குவதைப் பார்த்ததும் முகம் மாறி, ஒரு கடலைமிட்டாயைச் சும்மா கொடுத்தார். அதற்கு அந்த முறைப்பே தேவலை. மிட்டாயைத் தின்றுவிட்டேன், அது வேறு விஷயம்.

எனக்கு ஊர் தென்காசிப் பக்கம். திரும்பி வரச் சொல்லி அம்மா போனில் அழுதாள். போகவில்லை. அங்கே போனால் தெருவே பார்க்கும்; இங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. அந்த நிம்மதிக்காகத் தங்கினேன். அது இவ்வளவு கனக்கும் என்று அப்போது தெரியாது. அறையில் என்னோடு மூன்று பேர், ஆளுக்கொரு ஷிப்ட். ஒருவன் தூங்குவான், ஒருவன் கிளம்புவான். “சாப்ட்டியாண்ணே?” என்று கேட்டுக்கொண்டே செருப்பை மாட்டுவார்கள். பதில் சொல்வதற்குள் படியில் இறங்கியிருப்பார்கள். கை போன அதே கம்பெனி என்னை வாசல் கேட்டில் உட்காரவைத்துவிட்டது. லாரி வந்தால் தடுப்பைத் தூக்க வேண்டும், போனால் இறக்க வேண்டும். தடுப்புக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

அந்தச் சமயத்தில்தான், எனக்குப் பிசியோதெரபி செய்தவர் ஒரகடத்தில் ஒரு மாடிக்கு அனுப்பினார். அங்கே ஒரு சின்னக் குழு செயற்கைக் கை செய்து, ஆட்களுக்கு மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கையைவிட எனக்கு ஆச்சரியமாக இருந்தது அதனோடு வரும் ஒட்டுதான். காய்ச்சிய பாலின் மேல் படிகிற ஆடை மாதிரி மெல்லிசு. முழங்கைக்குக் கீழே மிச்சமிருக்கும் கையில் ஒட்டினால் தோலோடு தோலாக நீளும், சுருங்கும். உள்ளே தசை துடிப்பதைப் பிடித்துச் செயற்கைக் கைக்குச் சேதி அனுப்பும். மடக்குவதாக நினைத்தால் கை மூட வேண்டும். விரிப்பதாக நினைத்தால் திறக்க வேண்டும். மழைக்காலம் முடிவதற்குள் அது சொன்னபடி கேட்டால் கை எனக்கே. இல்லாவிட்டால் வரிசையில் நிற்கும் அடுத்த ஆளுக்கு. கேட்டதிலிருந்து எனக்கு அந்தக் கை வேண்டும், வேண்டும் என்றே இருந்தது.

அது மூடியது. திறக்கவில்லை.

அங்கிருந்த இன்ஜினியர் கோயம்புத்தூர்ப் பெண். ஒட்டை மாற்றினாள், இடம் மாற்றினாள், வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டினாள். திரையில் ஒரு கோடு உச்சத்தில் ஏறி அப்படியே நின்றது.

“கொஞ்சம் லூசா விடுங்ணா.”

“இல்லாத கைய எப்படி மேடம் லூசா விட?” என்று எரிந்து விழுந்தேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளுக்குள் அந்தக் கை இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டாள். யாரும் அதுவரை அதைக் கேட்டதில்லை. இறுக்கி மூடியிருக்கிறது, விபத்து நடந்த அன்றிலிருந்து எதையோ பிடித்துக்கொண்டே இருக்கிறது, வலிக்கிறது என்றேன்.

“சரிங்ணா, வேலை செய்யறப்ப அந்தக் கை பிடிச்சதை எப்ப விடும்?”

“எதுத்தாப்ல நிக்கவரு சத்தம் போடும்போது.”

எங்கள் கம்பெனியில் அதுதான் வழக்கம். தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ்ஸில் இரண்டு பட்டன் உண்டு. இரண்டு கையாலும் அமுக்கினால்தான் மேல் அச்சு இறங்கும், கை உள்ளே மாட்டாது. வேகத்துக்காக ஒரு பட்டனை டேப் போட்டு அமுக்கி வைத்திருந்தார்கள். வலது கையால் தகட்டை உள்ளே பிடிப்பேன். எதிர்ப்பக்கம் மணிமங்கலத்து அண்ணன் ஒருவர் மறுமுனையைச் சரியாகப் பொருத்திவிட்டு, “வுடு!” என்று கத்துவார். நான் விட்டுவிட்டுக் கையை இழுப்பேன், இடது கையால் பட்டனை அமுக்குவேன். மெஷின் சத்தத்தில் அவர் குரல் ஒன்றுதான் எனக்குப் பாதுகாப்பு. அன்று அவரை வேறு லைனுக்கு அனுப்பிவிட்டார்கள். தனியாக ஓட்டினேன். குரல் வரவில்லை, வலது கை விடவில்லை, இடது கை மட்டும் பழக்கதோஷத்தில் அமுக்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் அவர் ஒருமுறை வாசல்வரை வந்து நின்றதைப் பார்த்தேன். உள்ளே வரவில்லை. பிறகு நான் உட்காரும் லாரி கேட் பக்கமே வரவில்லை, கண்ணிலேயே படவில்லை.

“அவரைக் கூப்பிட்டுப் பார்க்கலாமுங்களா?” என்றாள்.

கூப்பிட எனக்கு மனசே இல்லை. அடுத்த ஆளுக்குக் கை போய்விடும் என்ற பயம்தான் கூப்பிட வைத்தது. போனில் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, “எப்பபா வர்ணும்?” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் மேசைக்கு எதிரே, பிரஸ்ஸுக்கு எதிரே நிற்பதுபோலக் காலை அகட்டி நின்றார். கூச்சமாக இருந்திருக்கும், முதல் தடவை குரலே எழும்பவில்லை. இரண்டாம் தடவை மாடியே அதிரக் கத்தினார்.

“வுடு!”

விரல்கள் விரிந்தன. செயற்கை விரல்களைச் சொல்லவில்லை, அவையும் விரிந்தன. உள்ளே, இல்லாத கையில், வலி அவிழ்ந்தது. நான் அழுதேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதன் பிறகு ஞாயிறுதோறும் வந்தார். கத்துவார், திறப்பேன். முடிந்ததும் கீழே டீக்கடையில் மசால்வடை. அவர் அதிகம் பேசமாட்டார். மகள் டிப்ளமா சேர்ந்ததை, வீட்டில் தண்ணீர் வராததைச் சொல்வார். அந்த ஒரு மணி நேரத்துக்காக மற்ற நாட்களைத் தள்ளினேன்.

அதனால்தான், ஒரு புதன்கிழமை மாடியில் தனியாகப் பயிற்சி செய்கையில் குரல் இல்லாமலே கை திறந்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இனி அவர் எதற்கு வருவார்? அடுத்த ஞாயிறு, அவர் கத்தும்வரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான்.

மழை ஓய்ந்ததும் பரிசோதனைக்குச் சென்னையிலிருந்து பெரியவர்கள் வந்தார்கள். அங்கே நடிக்க முடியாது. தனியாகவே திறந்தேன், மூடினேன், ஒரு டம்ளரை எடுத்து வைத்தேன். கை எனக்கு என்றார்கள். கிளம்பும்போது அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்:

“தானா இறுகுனா கோடு நேரா நிக்கும். வேணும்னு பிடிச்சா நடுங்கும். எனக்கு முன்னாலயே தெரியுமுங்ணா. அவர்கிட்டயும் அப்பவே சொல்லிட்டேன்.”

தெரிந்துகொண்டுதான் அவர் வந்து கத்தியிருக்கிறார். மானம் போனது. அதைவிட, இனி ஞாயிறு இல்லை என்பதுதான் பெரிதாக இருந்தது. அந்த ஞாயிறு துணி துவைக்கக்கூட எழவில்லை.

பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினார். என் அறைக்கு அவர் வருவது அதுதான் முதல் முறை. உள்ளே ஒருவன் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவனைத் தாண்டி வந்து என் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“கை வந்துச்சாமே. காட்டு.”

மூடிய கையை நீட்டினேன். தூங்குகிறவன் விழிக்காதபடி, காதோடு சொல்வதுபோல, “வுடு” என்றார். திறந்தேன். அவர் தன் வலது கையை எடுத்து அந்த விரல்களுக்கு நடுவே வைத்தார்.

“மூடு.”

“வேணாம்ணே. சமயத்துல நசுக்கிரும்.”

“நசுக்குனா நசுக்கட்டும்பா” என்றார். கையை எடுக்கவில்லை.

மெதுவாக, மிகவும் மெதுவாக மூடினேன்.