மலையில் தெரிந்த வாசல்

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுவேன். பத்திரிகைக்கு எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஆறேழு வருடம் கழித்து நடந்தது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நானும் என் நாத்தனாரும் வெடிமருந்து அறையில் வேலை பார்த்தோம். தீபாவளி முடிந்து கம்பெனி அடைத்திருந்த நேரம். மறுபடி திறப்பதற்கு முந்தின நாள், மேற்கு மலையில் இருக்கும் கோயிலுக்குக் குடும்பத்தோடு போனோம். அச்சகத்தில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர், நாத்தனார், ஏழு வயது மகள், நான்.

பாதி மலை ஏறியதும் பாதை ஒடுங்கியது. வலப்பக்கம் பாறைச் சுவர், இடப்பக்கம் கிடுகிடு பள்ளம். காலையிலேயே மூடுபனி இறங்கி, முன்னால் போகிறவர் முதுகு கூட மங்கலாகத்தான் தெரிந்தது. வீட்டுக்காரர் தன் நீளத் துண்டை அவிழ்த்து ஒரு முனையை மகள் இடுப்பிலும் மறுமுனையை என் இடுப்பிலும் கட்டினார்.

"நான் என்ன ஆட்டுக்குட்டியாப்பா?" என்று அவள் சிணுங்கினாள்.

"ஆட்டுக்குட்டின்னா சொன்ன பேச்சக் கேக்குமே, ஏட்டி" என்றார் அவர்.

கொஞ்ச தூரத்தில் பள்ளத்துப் பக்கம் இரண்டு பாறைகள் நெட்டுக்குத்தாக நின்றன. அவற்றுக்கு நடுவே ஆள் நுழையும் அகலத்தில் ஒரு திறப்பு. அதற்கு அந்தப் பக்கம் பனி வெள்ளை வெளேரென்று வெளிச்சமாக இருந்தது.

"மதினி, பாத்தீகளா? நம்ம மருந்து ரூம் வாசல் மாதிரியே இருக்கு" என்று நாத்தனார் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு குருவிச் சத்தம் கூட இல்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டமார் என்று ஒரே ஒரு தடவை. மேலிருந்தா, கீழிருந்தா என்று தெரியவில்லை.

எங்கள் கம்பெனியில் சேர்ந்த அன்றைக்கே போர்மேன் சொல்லிக்கொடுப்பது இதுதான்: "சத்தம் கேட்டா யாரு எவருன்னு திரும்பிப் பாக்காத. கையில உள்ளதப் போட்டுட்டு வெளிச்சத்தப் பாத்து ஓடு." அதற்காகத்தான் அறைக்கு நாலு பக்கமும் வாசல் வைத்திருப்பார்கள். வருடக்கணக்கில் காதில் விழுந்து விழுந்து அது காலில் ஊறிப்போயிருந்தது.

நான் ஓடினேன். மலை, மகள், பள்ளம் எதுவும் நினைவில் இல்லை. எதிரே வாசல் இருந்தது, வெளிச்சம் இருந்தது. தப்பித்துவிட்டோம் என்று நிம்மதி கூட வந்தது.

இடுப்பில் துண்டு வெடுக்கென்று இழுத்தது. பின்னால் மகள் குப்புற விழுந்து, பாறை இடுக்கில் இருந்த ஒரு வேரை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திருந்தாள்.

"எங்கம்மா போற? அங்கன ஒண்ணுமே இல்லம்மா!"

குனிந்து பார்த்தேன். என் வலது கால் வெறும் பனிக்குள் நின்றது. காற்று லேசாக அடித்துப் பனி விலகியபோது, எங்கேயோ கீழே மரங்களின் தலைகள் தெரிந்தன. உடனே மறுபடி மூடிக்கொண்டது.

வீட்டுக்காரர் வந்து எங்கள் இரண்டு பேரையும் பாதைக்கு இழுத்துப் போட்டார். சத்தம் கேட்டதும் அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாராம். நாத்தனாரைக் காணோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். வந்த வழியில் தேடிப் போனால், ஒரு பாறையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் ரத்தம்.

"நானும் ஓடிட்டேன் மதினி" என்றாள். "எனக்கு இந்தப் பக்கம் வாசல் தெரிஞ்சது."

அங்கே பாறைச் சுவர்தான் இருந்தது.

கோயிலுக்குப் போகாமலே இறங்கிவிட்டோம். அது இடியா, பாறை உருண்டதா என்று இன்று வரை தெரியாது. கீழே அடிவாரத்தில் ஒரு கடைக்காரரிடம் கேட்டதற்கு, அப்படி ஒரு சத்தமே கேட்கவில்லை என்றார். என் உயிரைக் காப்பாற்றும் என்று நம்பிப் பழகிய அதே கால்கள்தான் அன்று என்னையும் பிள்ளையையும் கொண்டுபோகப் பார்த்தன என்பதை நினைத்தால் இப்போதும் உள்ளங்கால் கூசுகிறது.

மறுநாள் கம்பெனி திறந்தார்கள். மகள் முழங்காலுக்கு மருந்து போட்டுவிட்டு, நானும் நாத்தனாரும் வேன் ஏறி வேலைக்குப் போனோம். வாசலுக்கு நேராகத்தான் உட்கார்ந்தேன்.