பெட்டி மடம்

எங்கள் வீட்டில் இன்னொரு தோசை வேண்டுமென்றால் யாரும் வாயைத் திறந்து கேட்டதில்லை. இரண்டு கட்டைவிரல்களையும் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் நுனியோடு நுனி சேர்த்து ஒரு வட்டம் காட்டினால் போதும், அம்மா கொண்டுவந்து தட்டில் போடுவாள். இது அப்பா கொண்டுவந்த வழக்கம். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டால், "மடத்துல" என்பார். காரைக்காலில் மடம் என்றால் கன்னியர் மடம், இல்லாவிட்டால் விபூதி பூசிய தம்பிரான்கள் இருக்கும் சைவ மடம். இரண்டிலும் எங்கள் அப்பாவுக்கு வேலையில்லை. அவர் சொன்னது பிரான்சில் இருந்த ஒரு மடத்தை.

அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். சைகோன் பக்கம் நடந்த சண்டையில் தோளில் குண்டுபட்டு, பிரான்சுக்குக் கப்பலேற்றி அனுப்பினார்கள். அங்கே ஒரு பனிக்காலத்தில், முகாம் மாறிப் போகும் வழியில் லாரி நின்றுவிட, கடுங்காய்ச்சலோடு ஒரு பெரிய கல் வாசலைப் போய்த் தட்டியிருக்கிறார். கறுப்பு அங்கி போட்ட துறவிகள் உள்ளே தூக்கிக்கொண்டு போய், காய்ச்சல் விடும்வரை வைத்துப் பார்த்தார்களாம். சாப்பாட்டு மேசையில் யாரும் பேசக் கூடாது. ரொட்டி வேண்டுமென்றால் விரலால் வட்டம். அந்த வட்டம்தான் கடல் தாண்டி எங்கள் அடுப்படிக்கு வந்து தோசையானது.

இந்தக் கதையில் ஓர் இடம் இடறும். "அந்த வாசல்ல என்ன எழுதியிருந்துச்சு மாப்ள?" என்று மாமா தூண்டிவிடுவார். மாமா அம்மாவின் அண்ணன். அவரும் சொல்தாதான், ஆனால் பாண்டிச்சேரியைத் தாண்டாத சொல்தா. அது அவருக்குள் ஒரு முள்.

"பாக்ஸ்னு எழுதியிருந்துச்சு" என்பார் அப்பா.

"பெட்டிக்கு பிரெஞ்சுல புவாத்து. பாக்ஸ்ங்கிறது இங்கிலீஷு. பிரெஞ்சுக்காரன் தன் வாசல்ல இங்கிலீஷ்ல பெட்டின்னு எழுதி வைப்பானா? காய்ச்சல்ல கனாக் கண்டிருக்கீங்க மாப்ள."

"எனக்கென்ன தெரியும் மச்சான்? கல்லுல செதுக்கியிருந்ததைச் சொல்றேன்."

பென்ஷன் வாங்கப் போகிற இடம், டீக்கடை, மாதா கோயில் முற்றம், எங்கும் இதே பேச்சு. பெட்டி மடம், பெட்டி மடம் என்று ஊரே சிரித்தது. எழுபதுகளின் நடுவில் ஒரு பாஸ்கா, அதாவது ஈஸ்டர் திருநாளன்று, விருந்துக்கு வந்திருந்த சம்பந்தி வீட்டார் முன்னால் மாமா இன்னும் ஒருபடி மேலே போனார். குண்டு பட்டது உண்மையோ பொய்யோ, தழும்பு தேங்காய் உரிக்கும்போதுகூட வரும் என்றார். அப்பா எழுந்து கை கழுவப் போய்விட்டார். மறுநாள் காலை, "இன்னொரு தோசை போடு" என்று வாயால் கேட்டார். அதற்குப் பிறகு அவர் விரல்கள் வட்டம் போடவேயில்லை. எங்களில் யாராவது போட்டால் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அந்த வட்டத்தை அப்பா கைக்குத் திரும்பக் கொண்டுவராமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அப்போது நான் கல்லூரியில் இருந்தேன். பள்ளியிலேயே பிரெஞ்சு படித்தவள். ஊர் நூலகத்தில் யாரும் தொடாத பிரெஞ்சு அலமாரி ஒன்று உண்டு. அதில் கரையான் போக மிஞ்சியிருந்த ஒரு தடிப் புத்தகம், கறுப்பு அங்கி போடும் ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் பழைய மடம் ஒன்றின் வரலாறு. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தினமும் போய் உட்கார்ந்தேன். அப்பாவுக்காகத்தான் திறந்தேன், ஆனால் சொல்வதற்கென்ன, இரண்டாம் நாளே எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது.

அந்த மடம் எழும்பிய இடம் வெறும் சதுப்பு நிலமாம். துறவிகளே சேற்றில் இறங்கி வடிகால் வெட்டி அதைத் திராட்சைத் தோட்டமாக்கியிருக்கிறார்கள். வடிகாலின் அருமையைக் காவிரிக் கடைமடையில் பிறந்தவளுக்குச் சொல்லவா வேண்டும்? பூசையும் உழைப்பும் அவர்களுக்கு ஒன்றுதான். மணியடித்து எழுந்து, மணியடித்துச் செபித்து, மணியடித்து வயலுக்குப் போனார்கள். சுற்றியிருந்த ஊர்களெல்லாம் அந்த மணியைக் கேட்டுத்தான் நாளைப் பங்கு போட்டுக்கொண்டன. குளிரில் விரல் விறைக்க விறைக்க ஆட்டுத்தோலில் புத்தகங்களைப் படியெடுத்தார்கள். வேதப் புத்தகம் மட்டுமா? ரோமாபுரிக் கவிதை, வைத்தியம், வானசாஸ்திரம். சுவடி பெயர்த்தெழுதிய நம் மடங்களைப்போலத்தான். பாட்டின் மெட்டைக் கோடு போட்டு எழுதும் பழக்கமே இந்தச் சபைக்காரர்களிடம்தான் துளிர்த்தது என்று படித்தபோது, கோயில் ஆர்மோனியத்தின் மேல் விரித்து வைக்கும் தாளைத் தேடிப்போய் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன். பிரெஞ்சுப் புரட்சியில் துறவிகளை விரட்டிவிட்டு மடத்தின் கல்லைப் பெயர்த்து விற்றிருக்கிறார்கள். அவர்களோ பிற்காலத்தில் திரும்பி வந்து, மிச்சமிருந்ததைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். வருகிற விருந்தாளி யாராயிருந்தாலும் கிறிஸ்துவே வந்ததாக எண்ணி வரவேற்க வேண்டும் என்பது அவர்களுடைய சட்டம். அடியவருக்கு மாங்கனி படைத்ததைத் திருவிழாவாகக் கொண்டாடும் ஊர்க்காரிக்கு இது புரியாமல் போகுமா? அங்கே போன விருந்தாளி ஒரு காரைக்கால் சொல்தா என்பதுதான் எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு அந்தப் பக்கம் வந்தது. மௌனம் காக்கும் துறவிகளின் கை ஜாடைகளைப் படமாக வரைந்திருந்தார்கள். முதல் படம் ரொட்டி. இரண்டு கட்டைவிரல், இரண்டு ஆள்காட்டி விரல், வட்டம். நான் நூலகத்தில் உரக்கச் சிரித்துவிட்டேன். நாற்காலிகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. அடுத்த தாளைப் புரட்டினால் மடத்தின் வாசல் படம். வளைவின் உச்சியில் கல்லில் மூன்று எழுத்து: P A X. இந்தச் சபை மடங்கள் பலவற்றில் இந்த இலத்தீன் சொல் வாசலில் இருக்கும் என்று கீழே போட்டிருந்தது. அதன் பொருளையும் போட்டிருந்தது. அப்பா தட்டிய வாசல் இதேதானா, இதன் உடன்பிறப்பு ஒன்றா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று அதைப் பற்றிய கவலையும் இல்லை. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போக நூலகரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக்கொண்டு ஓடினேன்.

அது சனிக்கிழமை. யாரிடமும் மூச்சு விடவில்லை. மறுநாள் பூசை முடிந்து மாமா சாப்பிட வந்ததும் புத்தகத்தை அவர் மடியில் விரித்து வைத்தேன். படத்தைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"எழுத்து இருக்குது, சரி. அதுக்காக? பெட்டிதானே?"

நான் சண்டைக்குப் போகவில்லை. பூசை இலத்தீனில் நடந்த காலத்தில் மாமா கோயில் பாடகர். நான் சிறுமியாக இருந்தபோதே இலத்தீன் போய்த் தமிழ் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பாட்டெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம், குரலைப் பற்றிய கர்வமும் குறையவில்லை.

"மாமா, பழைய பூசையில, அப்பத்தைப் புட்டதும் சாமியார் என்ன பாடுவாங்க?"

கேட்டதுதான் தாமதம், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பாடினார்: "பாக்ஸ் தோமினி..."

அங்கேயே நின்றுவிட்டார்.

"இப்பத் தமிழ்ல அதை என்னன்னு சொல்றாங்க மாமா?"

அப்பாதான் மெதுவாகச் சொன்னார். "ஆண்டவருடைய சமாதானம்." பிறகு என்னைப் பார்த்து, "சமாதானமா? சண்டையிலேர்ந்து வந்தவன் அதுக்குக் கீழயா நொழஞ்சேன்?" என்றார். அப்பா அழுது நான் பார்த்தது அன்றுதான்.

மாமா மட்டும் புத்தகத்தை மூடி ஓரமாக வைத்தார். ரசம் ஊற்றிச் சாப்பிட்டார், கை கழுவினார், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்கண்ணன் வாயால ஒத்துக்குவாருன்னா நெனச்சே?" என்று அம்மா சிரித்தாள். அடுத்த நாள் காலையும் அப்பா வாயால்தான் தோசை கேட்டார். வாரம் முழுக்க அப்படியேதான்.

அடுத்த ஞாயிறு கோயிலில், ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம். கைகூப்பி இப்படியும் அப்படியும் திரும்பிக் குனிவோம். பெண்கள் பக்கத்திலிருந்து நான் ஆண்கள் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு முன் வரிசையில் நின்ற மாமா இடப்பக்கம் குனிந்தார், வலப்பக்கம் குனிந்தார். கடைசியாக முழுசாகப் பின்னால் திரும்பி அப்பாவைப் பார்த்துக் கைகூப்பினார். பாடகர் தொண்டையாயிற்றே, மெல்லச் சொல்ல வராது; எங்கள் பக்கம் வரைக்கும் கேட்டது.

"பாக்ஸ், மாப்ள."

அப்பா கூப்பிய கைகளைப் பிரித்து, இரண்டு கட்டைவிரல்களையும் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் சேர்த்து, கோயிலில் எல்லோரும் பார்க்க ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். பூசை முடிந்ததும் மாமா எங்களோடு வீட்டுக்குத் தோசை சாப்பிட வந்தார்.