அரைக்கட்டை இறக்கம்

நூம்பலில் எங்கள் வீட்டில் ஒரு வாரமாக நான் சோறு மென்றதைவிட அந்த நாலு சுரத்தை மென்றதுதான் அதிகம். ச, க, ப, த. கிடாரில் மேஜர் சிக்ஸ்த் ஆர்ப்பீஜியோ. நாலையும் சேர்த்து அடிக்காமல் ஒவ்வொன்றாக ஏறி இறங்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கடைசி ‘த’வில் நின்றால் மனசு உட்காரவே மாட்டேன் என்கிறது. பாட்டு முடியவில்லையே என்று அரிக்கும். திரும்ப ‘ச’வுக்கு ஓடுவேன், மறுபடி ஏறுவேன்.

“ஏங்க, இந்த நாலை விட்டா உலகத்துல வேற சுரமே இல்லியா?” என்றாள் மனைவி, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே.

எனக்கு வந்ததே கோபம்! “ஞாயித்துக்கிழமை சொதப்பினா நீயா வந்து பதில் சொல்லுவ?” என்று கத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை கரையான்சாவடி மண்டபத்தில் ரிசப்ஷன் கச்சேரி. ஒரு மெல்லிசைக் குழுவோடு எனக்கு முதல் மேடை. ஒரு பாட்டின் தொடக்கத்தில் கிடார் மட்டும் தனியாக அந்த நாலு சுரத்தில் ஏறி இறங்கும். சரியாக வந்தால் குழுவில் நிரந்தர இடம். இல்லையென்றால் பழையபடி ஆபீஸ், லேப்டாப், அதே பிழைப்பு.

அன்றைக்கு மேடையில், அந்தப் பாட்டுக்கு முன்னால் பாடகர் என் காதருகே குனிந்தார். “மாமே, தொண்டை கட்டிக்கினு கீது. சுருதிய அரைக்கட்டை எறக்கிக்கோ.”

அடப்பாவி! கீபோர்டுக்காரர் சுருதி மாற்றும் பொத்தானை அமுக்கிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஏது பொத்தான்? நான் பழகியதில் ‘ப’ விரல் வைக்காத வெறுந்தந்தியில் விழும். அரைக்கட்டை இறங்கினால் அந்தத் தந்தி உதவாது, விரல் எல்லாமே இடம் மாற வேண்டும். வேறு சுருதியில் ஒரு தடவையாவது வாசித்துப் பார்க்கத் தோன்றியதா இந்த மடையனுக்கு? அதற்குள் டிரம்ஸ்காரர் குச்சியைத் தட்டிவிட்டார். ச வந்தது, க வந்தது. அப்புறம் கை அப்படியே நின்றுவிட்டது.

மீதியைக் கீபோர்டுக்காரர் கிடார் சத்தத்திலேயே வாசித்து ஒப்பேற்றினார். அந்த நொடியில் கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி மட்டும் படபடவென்று கைதட்டினாள். என் மனைவிதான். கூட்டமே திரும்பிப் பார்த்தது. வெட்கத்தில் எனக்குக் காது எரிந்தது. கச்சேரி முடிந்ததும் குழுத் தலைவர் என் முகத்தைப் பார்க்காமலேயே வயரைச் சுருட்டினார்.

வண்டியில் ஏறியதும் வெடித்தேன். “எதுக்குடி தட்டின? அது நான் வாசிச்சதே இல்ல, கீபோர்டு!”

“தெரியும்,” என்றாள். “ஒரு வாரமா கேக்கறேன், எனக்குத் தெரியாதா? உங்க கை நின்னுடுச்சு. யாரும் உங்களப் பாத்துடக் கூடாதேன்னு பதறிடுச்சு. என்னைப் பாக்கட்டும்னுதான் தட்டினேன்.”