அந்தோணி அண்ணனும் ஒரு புது டிரைவரும்

வெள்ளிக்கிழமை காலை வருகைப் பதிவேட்டைத் திறந்தபோது மெர்சியின் அழைப்பு வந்தது. தேனியில் நர்ஸாக இருக்கும் என் பழைய மாணவி. "டீச்சர், நம்ம அந்தோணி மாமா தவறிட்டாக. நெஞ்சு வலிக்குதுன்னாகளாம், அம்புட்டுத்தான்" என்றாள். அன்று நான் பெயர்களை வாசித்து முடிக்கவில்லை.

குமுளியில் ஜீப் ஓட்டிய அந்தோணி அண்ணனைத் தெரியாதவர்கள் குறைவு. விடிந்ததும் கூலிக்குப் போகும் பெண்களை ஏற்றி ஏலத்தோட்டத்தில் விடுவார். சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவார். எனக்கு அவர் அறிமுகமானது நான் செய்த ஒரு தவறால். அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

மெர்சி அப்போது எட்டாம் வகுப்பு. மிளகு பறிக்க ஏறிய அவள் அப்பா ஏணி சரிந்து விழுந்து, இடுப்பொடிந்து படுத்துவிட்டார். அம்மாவின் கூலியில்தான் அடுப்பெரிந்தது. பார்த்துக்கொள்ள ஆளில்லாத இரண்டு வயதுத் தம்பி ஜோசப்பை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வகுப்புக்கு வந்து நின்றாள். "இது என்ன பள்ளிக்கூடமா, அங்கன்வாடியா? தனியா வர்றதா இருந்தா நாளைக்கு வா" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். பெரிய கண்டிப்புக்காரி என்று நினைப்பு எனக்கு. மறுநாள் அவள் வரவில்லை.

தம்பியோடு அவளும் அம்மாவின் பின்னால் ஜீப்பில் ஏறியிருக்கிறாள், ஏலக்காய் எடுக்க. அண்ணன் வண்டியை எடுக்கவில்லை.

"படிக்கிற புள்ள தோட்டத்துக்கு எதுக்கு வருது?"

"இவனக் கூட்டிட்டு வரக்கூடாதுன்னுட்டாகண்ணே. நான் என்ன செய்யட்டும்?" என்று அம்மா அழுதாராம்.

"பயல இங்கிட்டுக் குடு. நீங்க காய் எடுத்து முடிக்கிற மட்டும் நான் சும்மாதான கெடக்கேன். பாப்பா, நீ எறங்கிப் பள்ளிக்கூடத்துக்கு ஓடு."

வகுப்புக்குத் திரும்பிய மெர்சி இதைச் சொன்னபோது நம்பாமல், அந்தச் சனிக்கிழமை தோட்டத்துக்கே போனேன். ஜீப்பின் மேல்கம்பியில் சேலைத் தொட்டில். அண்ணன் மடியில் உட்கார்ந்து ஜோசப் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். "யாருய்யா அது?" என்று கங்காணி கத்திக்கொண்டு வந்தார்.

"புது டிரைவரு. பழகட்டும்" என்றார் அண்ணன்.

மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு டீச்சர்? மழை பிடிச்சா இந்த வண்டி ஒழுகும். அன்னைக்கு மட்டும் பயல ஒங்க கிளாசுல போட்டுக்கங்க" என்றார். அந்த மழைக்காலம் முழுக்க ஜோசப் என் கடைசிப் பெஞ்சில்தான் தூங்கினான். மெர்சியின் படிப்பு நிற்கவில்லை. பிறகு அவருடைய தொட்டிலிலும் என் பெஞ்சிலும் எத்தனையோ பிள்ளைகள்.

அடக்கத்தன்று ஜீப் வாசலில் நின்றது. பெட்டியைத் தூக்கியபோது, மீசை அரும்பிய ஜோசப் ஜீப்பில் ஏறி ஹாரனை அழுத்தினான். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. யாரும் அதட்டவில்லை.

போய் வாருங்கள், அண்ணே. இங்கே மழை பிடித்துவிட்டது. என் கடைசிப் பெஞ்சில் இன்றைக்கு இரண்டு குழந்தைகள் தூங்குகிறார்கள்.